காலுறையில் ஒரு பட்டாணி

திங்கட்கிழமைச் சட்டையில் ஆரஞ்சுத் தூள்.
செவ்வாயில் ஜாம், காலர்வரை.
புதனன்று வெள்ளையாய்க் காய்ந்த ஏதோ ஒன்று,
மோந்து பார்த்தும் பெயர் தெரியவில்லை.
சலவை எந்திரத்தின் முன் குத்துக்காலிட்டு
என் மகன் பகலில் என்ன தின்றான் என்று
தினமும் படிக்கிறேன்.

காப்பகக் கதவில் காரட் வடிவக் காந்தம்,
அதன் அடியில் வாரப் பட்டியல்.
"பருவகாலக் காய்கறிகள்" என்று போட்டிருக்கிறது.
பீட்டர்ஹெட்டில் பருவகாலம் என்றால் காற்றுதான்.
ஸ்ட்ருவனின் காலுறையைத் திருப்பி உதறினேன்:
ஒரே ஒரு பட்டாணி.
பருவம் முழுக்க அதுதான் போல.

நான் மீன் அறுப்பவள்.
விடிய இரண்டு மணி இருக்கும்போதே கத்தி பிடிப்பவள்.
ஹாடாக்கின் முதுகெலும்பை ஒரே இழுப்பில் உருவுவேன்;
விரல்களில் வெள்ளி ஒட்டிக்கொள்ளும்,
நாற்றம் ஞாயிறன்றும் விடாது.
என் கை பட்ட மீன் பனிப்பெட்டி ஏறி
யார் யாருடைய விருந்துக்கோ போகிறது.
என் பிள்ளைக்கு வருவது
ரொட்டித் தூளுக்குள் ஒளிந்துகொண்ட மீன்.
பெட்டியின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கிறது
எத்தனை பங்கு மீன், எத்தனை பங்கு மாவு என்று.
பாதிகூட இல்லை.

செவிலி அவன் கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.
"கொஞ்சம் வெளுத்திருக்கிறான்."
இரும்புச்சத்து பற்றி ஒரு தாள் கொடுத்தாள்,
சிரிக்கும் கீரைப் படம் போட்டது.

அதை மடித்து எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போனேன்.
வழியெல்லாம் சொற்களைத் தீட்டிக்கொண்டே.

நிர்வாகி மிஸஸ் கெடஸ் நாற்காலி காட்டினாள்.
"எல்லாப் பிள்ளைகளும் தட்டைக் காலி செய்துவிடுகிறார்களே."
காலித் தட்டு ஒரு சாட்சியா?
பசித்தவன் காலி செய்வான்,
தட்டில் இருப்பது அட்டையானாலும்.

சமையலறையில் செங்கா.
வீங்கிய முட்டி, நாற்பத்தொரு தட்டு, ஒற்றை அடுப்பு.
என் வசவை முழுதாகக் கேட்டாள்,
கேட்டபடியே பாஸ்தா வடித்தாள்.
பிறகு கை துடைத்து நோட்டைத் திறந்தாள்:
ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு
எண்பத்தாறு பென்ஸ்.
பாலும் அதில்தான். ரொட்டியும் அதில்தான்.
மதியச் சாப்பாடும்.
"பட்டாணி என் காசு" என்றாள்,
"அவளிடம் சொல்லிவிடாதே."

நான் காலுறையை நினைத்தேன்.

"மீன் கொண்டுவருகிறேன், வால்துண்டு,
ஆலையில் மலிவாய்த் தருவார்கள்."
வெளிப் பண்டம் உள்ளே வரக்கூடாதாம், ஒவ்வாமை விதி.
சுவரைக் காட்டினாள்.
பிளாஸ்டிக் உறைக்குள், எண்ணெய்கூடப் படாமல்
தொங்கிக்கொண்டிருந்தது விதி.

கிளம்பும்போது, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:
"வியாழக்கிழமை மட்டும் ஏன்
மூன்று தட்டு கேட்கிறான் உன் பையன்?"

வெள்ளிக்கிழமை எனக்குச் சம்பளம்.
சொல்லவில்லை.
புதன் இரவு எங்கள் வீட்டில் டோஸ்ட்,
வெண்ணெய் இருந்தால் வெண்ணெய்.
அதையும் சொல்லவில்லை.
கையில் தாள் கசங்கிப் போயிருந்தது.
கீரை மட்டும் இன்னும் சிரித்தது.

அடுத்த வாரப் பட்டியலில்
வியாழனுக்கு எதிரே அச்செழுத்தை அடித்துவிட்டு
பென்சிலில், சாய்வாய்: பருப்பு சூப்.

முதல் கரண்டியைத் துப்பினானாம்.
இரண்டாவதையும்.
மூன்றாவது செங்காவின் ஏப்ரனில்.
நான்காவது உள்ளே போனதாம்.

சட்டையில் பழுப்பாய், அகலமாய் ஒரு கறை.
எந்திரத்தின் முன் குத்துக்காலிட்டு
வெகுநேரம் அதைப் படித்தேன்.
பிறகு சுழற்றப் போட்டுவிட்டு
ரொட்டி டப்பாவைத் திறந்து பார்த்தேன்.
இரண்டு துண்டு, ஓரத்துண்டோடு.

வெள்ளி நாளைக்குத்தான்.
விரலில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.