மேல் இடது மூலை

வள்ளியூர் லாட்ஜின் குளியலறையில்
வெந்நீரைத் திறந்துவிட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தேன்,
ஆவி ஏறிப் பறக்கிற தூசெல்லாம் படியட்டும் என்று.
மின்விசிறியை நிறுத்தியாயிற்று. தலைமயிரில் ஈரத் துண்டு.
கேமராவுக்கு முழு சார்ஜ்:
பாதியில் உயிர் போனால் உள்ளிருக்கும் கண்ணாடி
படக்கென்று விழும் என் குச்சியின்மேல்.

நேற்று மாசானமுத்து
பதினோராம் காத்தாடியில் கயிறு கட்டி இறங்கினான்.
நான் எடுத்த படத்தில் அதன் இறக்கைமேல் ஒரு கறுத்த வட்டம்.
ஓட்டை என்று சுயம்புலிங்கம் சார்
சிவப்பு மையால் சுழித்திருந்தார்.
எண்பது மீட்டர் உயரத்தில் முக்கால் மணி நேரம்
தொங்கி, தடவி, தட்டிப் பார்த்துவிட்டு
இறங்கி வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான்.
“அங்கன ஒண்ணும் இல்லக்கா.
வடிச்ச சோறு கணக்கா வெள்ளையா கெடக்கு.”
ஏசியிருக்கலாம்.

அப்புறம்தான் எல்லாப் படத்தையும் வரிசையாகத் திறந்தேன்.
பன்னிரண்டு காத்தாடியிலும் அதே இடம், அதே வட்டம்.
ராதாபுரத்து வானத்தில். உவரிப் பக்கத்து வானத்தில்.
சும்மா எடுத்த பஜ்ஜிக் கடைக்காரர் நெற்றியில்
(அங்கே மட்டும் பொருத்தமாக இருந்தது).
துவாரத்தை அகலத் திறந்தால் ஒளிந்துகொள்ளும்.
ஊசிமுனையாய்ச் சுருக்கினால் வந்து நிற்கும்.

படத்தில் மேல் இடது என்றால்
சென்சாரில் கீழ் இடது.
உலகம் அங்கே தலைகீழாய்த்தான் விழுகிறது.
அதை மறந்து முதல் குச்சியை மேலேயே வீணாக்கினேன்.

வாயால் ஊதக் கூடாது.
பஸ் ஸ்டாண்டில் கண்ணில் தூசு விழுந்தால்
யாரோ ஒருத்தி இமையைப் பிரித்து உஃப் என்று ஊதிவிட்டு
தன் பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள்.
இந்தக் கண்ணுக்கு அது ஆகாது, எச்சில் தெறிக்கும்.
ரப்பர் பந்தை அமுக்கினேன். புஸ். புஸ்.
மூன்று போயின. புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது.
பழையது அசையவில்லை.

தேரி மணலோ, கடல் உப்போ.
ஊர் பேர் கேட்கவா முடியும்.
இரண்டாம் குச்சி, இரண்டு சொட்டு மருந்து.
இடமிருந்து வலம் ஒரே இழுப்பு, திருப்பி வலமிருந்து இடம்,
அழுத்தாமல், ஆனால் பயப்படாமல்.
சுவரைப் படம் எடுத்துப் பார்த்தேன்.
இருக்கிறது.
மருந்து காய்ந்த வளையம் வேறு, கூடுதலாக.

மூன்றாம் குச்சியை அதன்மேல் வைத்து
நகர்த்தாமல் நின்றேன்,
பக்கத்து அறையில் யாரோ இருமி முடிக்கும்வரை.
ஊறட்டும்.
பிறகு இழுத்தேன்.

சுவர் வெறும் சுவராய் வந்தது.
நம்பாமல் இன்னொன்று எடுத்தேன்.
மங்கலாய் ஒரு நீலத் திட்டு. அது சுவருடையது.

பதினொன்றரை மணி. பழைய படங்களில்
வட்டத்தை ஒவ்வொன்றாய் அழிக்க உட்கார்ந்தேன்.
ஒரே இடம், ஒரே அளவு, கை தானாகப் போகிறது.
எட்டு முடிந்தது.
ஒன்பதில்
வட்டத்துக்கு ஒரு வால்.
முடி கனம். கீழே, கொஞ்சம் சாய்ந்து.

தூசுக்கு வால் முளைக்காது.
பெரிதாக்கினேன், கட்டம் கட்டமாய் உடைந்தது.
சுயம்புலிங்கம் சார் இதைச் சுழிக்கவில்லை.
பதினொன்று பொய்யான பிறகு
அவர் எதையும் சுழிப்பதாக இல்லை.

போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.
மறுபடி ஏறு என்று எந்த முகத்தோடு சொல்ல.
“நாளைக்கு நீ ஏற வேண்டாம் தம்பி.
மொதல்ல நான் எடுத்துப் பாக்கேன்.”
“காத்து வந்துட்டுக்கா” என்றான் தூக்கக் குரலில்.
ஆமாம், ஜன்னல் கதவு முனகுகிறது.
வைகாசி முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது,
கணவாய்க்கு அதெல்லாம் கணக்கில்லை.

ஐந்தரை மணி.
ஒன்பதாவது நிறுத்தப்பட்டு நிற்கிறது.
காற்றுக்கு முதுகைக் கொடுத்து
கேமராவை நெஞ்சோடு அணைத்து மூடியைக் கழற்றுகிறேன்.
கணுக்கால் உயரத்துக்குச் செம்மண் எழும்பிவிட்டது.
ஒரு படம்தான் கிடைக்கும் போலிருக்கிறது.
இறக்கையின் அந்த இடத்தை
வேண்டுமென்றே
மேல் இடது மூலையில் வைக்கிறேன்.