இரண்டு பிடி

அரிசி களையுமுன் ஒரு பிடி கர்த்தருக்கு.
எங்கள் மிசோ மலையில் அடுப்படிதோறும் இந்த வழக்கம்.
எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பழைய பால்மாவு டப்பா,
மூடியில் இன்னும் ஒரு குழந்தை சிரிக்கிறது.
மாதக் கடைசியில் சபைப் பெண்கள்
சாக்கோடும் தராசோடும் படியேறி வருவார்கள்.
செர்ச்சிப்பில் எந்த வீட்டுக்குப் போனாலும் படிதான்.

பியாக்மோயி இரண்டு பிடி எடுக்கத் தொடங்கியது ஆகஸ்டில்.
கவனித்தேன். கேட்கவில்லை.
நாலு பேருக்கு அளக்கிறாள்,
தின்பது மூன்று பேர்.

நாலாவது ஆள் ஐஸாலில்,
போதை மறுவாழ்வு இல்லத்தின் மாடி அறையில்,
கைநடுக்கம் அடங்கக் காத்திருக்கிறான்.
என் மகன்தான்.
ரெம்சங்கா.
பெயரைச் சொல்ல எனக்கு இவ்வளவு நேரமாகிறது, பாருங்கள்.

என் பிக்கப்பின் ஸ்டெப்னியை அவன் விற்றிருந்தான்.
எனக்குத் தெரியாது.
முட்டைக்கோஸ் மூட்டைகளோடு வந்தேன்,
மலை சரிந்துகொண்டிருந்த வளைவில்
ராத்திரி ஒரு மணிக்கு டயர் வெடித்தது.
மழையில் மண்டியிட்டு அடியில் டார்ச் அடித்தால்
சக்கரம் இருந்த இடத்தில்
வெறும் செயின் ஆடிக்கொண்டிருக்கிறது.

மூப்பர் தாங்லியானா வந்தார்,
வெல்லம் கடித்துக் கறுப்புத் தேநீர் குடித்தார்,
"மன்னித்துவிட்டாயா?" என்றார்.
"ஆயிற்று" என்றேன்.
பொய்யில்லை. மகனை மன்னித்தாயிற்று.
செயின்தான் இன்னும் ஆடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் மூடியிருக்கும்,
ஒளிந்துகொள்ளவும் இடமில்லை.
ஆண்கள் பக்கம், மூன்றாம் பெஞ்ச்.
மேளம் தொடங்கியதும் சிலர் எழுந்து
பீடத்துக்கு முன் வட்டமாய் ஆடுவார்கள்.
முன்பு நானும் ஆடுவேன்,
அந்த மேளத்தை அடித்தவன் என் மகன்.
இப்போது அடிக்கிற பையன் நல்லவன்,
அரை மாத்திரை பிந்துகிறான், அவ்வளவுதான்.
எனக்கு மட்டும்தான் கேட்கிறதா என்று
பெண்கள் பக்கம் திரும்பினேன்.
பியாக்மோயியின் விரல்
பாட்டுப் புத்தகத்தின் அட்டையில்
சரியான தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு ஜெபம் என் வேலை.
சோற்றுக்கு ஸ்தோத்திரம், பாதைக்கு ஸ்தோத்திரம்,
வியாதியஸ்தரை நினைத்தருளும்,
வண்டிக் கடனையும் நினைத்தருளும்.
அவன் பெயர் வருகிற இடத்தில்
பள்ளத்தைத் தாண்டுகிற மாதிரி ஒரு தாண்டு, ஆமென்.
அதற்குப் பிறகு, கண்ணைத் திறக்காமலே,
மல்சோமி சொல்வாள்: "அண்ணனையும்."
எட்டு வயது.
ஆமென் என்றால் முடிந்தது என்று
அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

செப்டம்பர் கடைசியில் தராசு வந்தது.
"உங்கள் வீட்டு அரிசி கூடியிருக்கிறதே, ஆசீர்வாதமா?"
"வீட்டில் ஆள் குறைச்சல்" என்றாள் என் மனைவி.
முள் நிற்கும்வரை
ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.

நேற்று மேல்தெருவில் ஒரு சாவு.
துக்க வீட்டில் விடிய விடியப் பாட அவளும் மகளும் போய்விட்டார்கள்.
நான் வண்டியை நிறுத்திவிட்டு வந்து உலை வைத்தேன்.
என் கை பெரிது,
என் ஒரு பிடி அவளுக்கு ஒன்றரை.
போட்டேன். மூடினேன்.
மறுபடி திறந்தேன்.

போன் அடித்தது. சனிக்கிழமை அவனுக்கு ஐந்து நிமிடம்.
"அப்பா, நாய் குட்டி போட்டுச்சா?"
"அஞ்சு."
"ஸ்டெப்னி?"
"பழசு ஒண்ணு வாங்கிட்டேன்."
பிறகு இரண்டு பேரும்
மிச்ச மூன்று நிமிடத்தை
மூச்சு விட்டே செலவழித்தோம்.

சோறு குழைந்துவிட்டது.
ஒற்றைத் தட்டின்முன் உட்கார்ந்து தலை குனிந்தேன்.
அரிசி, பாதை, வியாதியஸ்தர், கடன்,
அந்தப் பள்ளம்வரை வந்து
நின்றேன்.
ஆமென் சொல்லவில்லை.
சொன்னால், அதற்குப் பிறகு சொல்ல
வீட்டில் ஆள் இல்லை.
சோறு ஆறிக்கொண்டிருந்தது.