எண்பத்தேழு புள்ளி ஒன்பது

என் பெஜோவுக்கு கேசட் மட்டும்தான் தின்னத் தெரியும்.
தொண்ணூற்றொன்றாம் வருட வண்டி,
அதைச் சொல்லிக் குற்றமில்லை.

முதலில் வால் வைத்த கேசட் ஒன்று வாங்கினேன்.
உள்ளே நாடா கிடையாது. ஒரே ஒரு வயர்,
பல்லிடுக்கில் மாட்டிய நூல்போல
வாயிலிருந்து தொங்கி என் போனுக்கு வரும்.
இரண்டு மாதம் பாடியது.
பிறகு சாலையில் குழி வந்தால் போதும்,
பக்கம் முடிந்ததென்று நினைத்துத் திருப்பும்,
திருப்பப் பக்கமே இல்லையென்று கண்டு
மடியில் துப்பும்.

த்ரெலேவில் மெக்கானிக் அபெலார்தோ
டாஷ்போர்டைக் கழற்றி, பின்னால் ரெண்டு வயரைப் பற்றவைத்து
ஆக்ஸ் போட்டுத் தருகிறேன் என்றான்.
அவன் சொன்ன விலைக்கு இன்னொரு பெஜோ வாங்கலாம்,
ஓடாதது.

அதனால் இது.
சிகரெட் பற்றவைக்கும் குழியில் செருகிய
கட்டைவிரல் அளவுச் சீனச் சாமான்.
போன் சொல்வதை வாங்கி ரேடியோவுக்குச் சொல்லும்.
சிவப்பில் எரியும் எண்: 87.9.
பட்டகோனியாவில் அலைவரிசைக்குப் பஞ்சமில்லை,
பேசத்தான் ஆளில்லை.

நெடுஞ்சாலை மூன்று. தென்மேற்கிலிருந்து காற்று,
திறந்தால் கதவையே கையோடு கொண்டுபோகிற காற்று.
கம்பளி ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.
நான்காவது பாட்டு வந்தது. ஐந்து, ஆறு வந்தன.
ஏழாவதாக நான் வந்தேன்.

நேற்றிரவு சமையலறையில் பதிந்தது.
எவரிஸ்தோவிடம் சொல்ல வேண்டியதன் ஒத்திகை.
‘கொமொதோரோவுக்கு நான் குடிவரப் போவதில்லை,
உன் எண்ணெய்க் கிணறு உன்னோடு.’
இது முதல் முறை, மூடி ஒன்று விழும் சத்தத்தோடு.
இரண்டாம் முறை பாதிக்கு மேல் அழுகை.
மூன்றாவது, வானிலை வாசிப்பதுபோல:
‘நான் இங்கேயே இருக்கிறேன். வருவதானால் வா.
வராவிட்டால் நாயையாவது அனுப்பு.’

நிறுத்தவில்லை. மறுபடியும் ஓடவிட்டேன்,
மூன்றில் எது நான் என்று தெரிந்துகொள்ள.
சுற்றிலும் முட்புதர், கம்பிவேலி, இரண்டு குவானாக்கோ.
வேறு காது ஏது?

கராயால்தேயில் பெட்ரோல் போட நின்றோம்.
லாரிக்காரர் தொப்பியைக் கையால் அமுக்கியபடி வந்தார்.
சிரியாகோ என்று சட்டைப்பையில் தைத்திருந்தது.
‘நாற்பது கிலோமீட்டராக என் ரேடியோவில்
உங்களைத் தவிர எதுவும் எடுக்கவில்லை.’
காதுமடல்வரை சுட்டது எனக்கு.
அவர் பம்பின் எண்களையே பார்த்தபடி,
‘மூன்றாவதைச் சொல்லுங்கள்.
ஆனால் நாயிலிருந்து ஆரம்பியுங்கள்’ என்றார்.
நாலடி போய்த் திரும்பி,
‘அந்த ஆறாவது பாட்டு… சர்மியெந்தோ திருப்பம்வரை
உங்களுக்கு முன்னால்தான் போவேன்.’

போட்டேன். முடிய முடியப் போட்டேன்.
ஏதோ ஒரு சரணத்தின் நடுவில்
அவருடைய வலது விளக்கு சிமிட்டியது.
லாரி மேற்கே திரும்பியதும்
மொத்தக் காற்றும் என்மேல் விழுந்தது.

கொமொதோரோவின் முதல் விளக்குகள் தெரிந்தபோது
87.9இல் ஒரு போதகர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.
88.1இல் டயர் விளம்பரம். 88.5இல் கால்பந்து.
ஊர் முழுக்கப் பேச்சு,
கட்டைவிரலுக்கு இடமில்லை.
பிடுங்கிக் கோப்பைக் குழியில் போட்டேன்.

‘நாய் எப்படி இருக்கிறது?’
சொல்லிப் பார்த்தேன், வாயால்.