மூணாம் நம்பர்

தருமபுரி ஸ்கேன் சென்டரில்
படிவம் நிரப்பும் பெண் கேட்டாள்:
வேலை?
ரக்பி என்றேன்.
பேனா நின்றது.
கபடி மாதிரியா அண்ணா?

ஆமாம் என்று சொல்லிவிடுவது சுலபம்.
பதினோரு வருடமாக அப்படித்தான் சொன்னேன்,
பெண் பார்க்கப் போன வீட்டில்,
கூட்டுறவு வங்கியில்.
இன்றைக்கு மட்டும்
கழுத்துப் பட்டைக்குள்ளிருந்து
இல்லை என்றேன்.

தள்ளுகிற வேலை, தங்கச்சி.
அந்தப் பக்கம் எட்டுப் பேர், இந்தப் பக்கம் எட்டுப் பேர்.
முதல் வரிசையில் வலது ஓரம் நான்.
எதிராளி இருவர் தலைக்கு நடுவே என் தலை.
அதனால்தான் காது இப்படி,
பிசைந்து மறந்துபோன கேழ்வரகு மாவு.

யோசித்து, லோடுமேன் என்று எழுதினாள்.

தப்பில்லை.
காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஃபேக்டரியில்
பேரல் உருட்டிக்கொண்டிருந்தவன்தான்.
இருநூற்றுப் பதினைந்து கிலோ,
ஒத்தை ஆளாய்ப் பலகையேற்றுவேன்.
ராணுவத்துக்கு ஆளெடுத்த அன்று
மார்பை அளந்த ஹவில்தார்
கேட்காமலே கழுத்தையும் அளந்தார்.
பதினெட்டரை அங்குலம்.
துப்பாக்கிக்கு முன்பே
முட்டைப் பந்து கைக்கு வந்தது.
க்ரவுச். பைண்ட். செட்.
இங்கிலீஷில் எனக்கு முழுசாகத் தெரிந்தது
இந்த மூன்றும்தான்.

பந்தை நான் அதிகம் பார்த்ததில்லை.
நூற்றுப் பன்னிரண்டு ஆட்டம்,
கோட்டைத் தாண்டி ஒரு ட்ரை வைத்ததில்லை.
பார்த்ததெல்லாம் மண்.
பெங்களூர் மைதானம் செம்மண்,
உதட்டில் பட்டால் துருவின் ருசி.
புனேயின் கரிசல்
பூட்ஸ் ஆணியில் ஒட்டிக்கொண்டு ஊர்வரை வரும்.
ஜகார்த்தாவில் புல்லுக்கடியில் தண்ணீர் மூச்சுவிடும்.
கொழும்பில் உப்பு.
எந்த நாட்டு வானமும் ஞாபகமில்லை.

கொழும்புக் கிளப் மூன்று சீசனுக்கு எடுத்தது.
சம்பளம், சாப்பாடு, கடல் தெரியாத அறை.
வேடியப்பன் அவர்கள் வாயில் நுழையவில்லை.
வேடி ஆனேன், அப்புறம் வெடி.
நான் மோதும்போதெல்லாம்
கேலரி முழுக்க வெடி வெடி என்று அதிரும்.
பெருமையாகத்தான் இருந்தது.
ஜெர்சி துவைக்கும் அற்புதராசா அண்ணன்,
கிளிநொச்சிக்காரர்,
ஒருநாள் வாளியருகே மெதுவாகச் சொன்னார்:
தம்பி, இஞ்ச வெடி எண்டா துவக்குச் சூடு.
ரெண்டு பாஷையிலயும்.
அதற்குப் பிறகு அந்தச் சத்தம் வந்தால்
மண்ணை இன்னும் கவனமாகப் பார்ப்பேன்.

எங்கள் ஆட்டத்தில்
பந்தை முன்னால் எறியக் கூடாது.
பின்னால் வருகிறவனுக்குத்தான்.
பணமும் அப்படியே போனது.
தம்பிக்கு மாங்காய் ஏற்ற மினி லாரி.
தங்கச்சி கல்யாணம்.
போர்வெல், எண்ணூறடி,
புகை மட்டும் வந்தது.

போன ஆனி, கண்டியில், மழை.
ஸ்க்ரம் சரிந்து விழுந்தது.
பெரிய சத்தமெல்லாம் இல்லை.
கருவாடு ஒடிக்கிற மாதிரி ஒன்று,
எனக்கு மட்டும் கேட்டது.
வலது கட்டைவிரல் இன்னும் என்னுடையதில்லை.
கிளப் சால்வை போர்த்தியது.
போட்டோவில் சால்வை நேராக இருக்கிறது.

குழாய்க்குள் படுக்க வைத்து
அசையாதீங்க என்றது மைக்.
டக் டக் டக் என்று இடிக்கும் மெஷின்,
திடீரென்று நிற்கும்.
நிற்கும்போதெல்லாம் தொடை தானாக இறுகியது,
இப்போது செட் சொல்வார்கள் என்று.
இரண்டு தடவை படம் கெட்டு
மூன்றாம் தடவை எடுத்தார்கள்.

வெளியே தூறல்.
பென்னாகரம் ரோட்டில்
தக்காளி ஏற்றிய டெம்போ ஒன்று
குழாய்க்கு வெட்டிய பள்ளத்தில் பின்சக்கரம் புதைந்து நின்றது.
ஐந்தாறு பேர் தள்ளுகிறார்கள்,
கையால், முதுகைக் கூனி,
ஆளுக்கொரு நேரத்தில்.
ஒருவர் மூச்சும் ஒருவரோடு சேரவில்லை.
ஓரடி வைத்தேன்.

ஓரடிதான்.
ஸ்கேன் கவரைப் பல்லில் கவ்விக்கொண்டு
நவநீதா பின்னாலிருந்து
என் சட்டையை அக்குளுக்குக் கீழே
கொத்தாக, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.
என் ஆட்டம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை அவள்.
பிடித்த இடம் சரியான இடம்.