இரண்டாம் வகுப்பு பி பிரிவுக்கு ஓர் இலையுதிர்காலம்

வாட்ஸாப்பில் வந்து விழுந்தது ராத்திரி ஒன்பதரைக்கு:
திங்கட்கிழமைக்குள் குடும்பமாக உட்கார்ந்து
இலையுதிர்காலக் கைவேலை ஒன்று செய்து அனுப்பவும்.
எளிமையாக இருக்கட்டும். செலவு வேண்டாம்.
கூடவே ஒரு படம்.
ஏதோ ஊரில் தெரு முழுக்கத்
தீப்பிடித்த மாதிரி மரங்கள்,
நடுவில் கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு பிள்ளை.

எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி.
ஓட்டேரிக் கால்வாய் படிக்கட்டு வரைக்கும் வந்து
யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போயிருந்தது.

"நம்ம இலை எப்பம்மா உதிரும்?" என்றாள் எஸ்தர்.

ஹவுசிங் போர்டு மூன்றாவது பிளாக்குக்கு மரம் மூன்று.
புங்கம் பங்குனியில் மொட்டையாகி
ஒன்றும் நடக்காதது போல் மறுவாரமே துளிர்த்துவிடும்.
முருங்கை இலை உதிர்வதற்குள்
யார் வீட்டுக் குழம்பிலாவது இறங்கிவிடும்.
மிச்சம் டிரான்ஸ்பார்மர் பக்கத்து வாதாம்.
அது மட்டும் காலண்டர் பார்க்காமல்
எப்போதாவது சிவந்த இலை ஒன்றைச்
செருப்பு அளவுக்குக் கழற்றிப் போடும்.

ஒரு குடையில் மூன்று பேர் இறங்கிப் போனோம்.
கிடைத்தது நாலு இலை.
அதில் ஒன்றை ஆடு பாதி தின்றிருந்தது.
டைரிக்குள் வைத்து மேலே கிரைண்டர் குழவியை ஏற்றினேன்.
காலையில் திறந்தால் பூசணம்.
இந்த மழையில் எது காய்கிறது?
சீருடையே நாலு நாளாக மின்விசிறிக்குக் கீழே தொங்குகிறது.

"வேற ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஈஸிம்மா" என்றான் ஜோயல்.
இருக்கும் என்றேன்.

சனிக்கிழமை ராத்திரி தேவசகாயம் வந்தார்.
பட்டாளம் மார்க்கெட் வெங்காய மண்டியில் கணக்கெழுதுகிறவர்.
வாசலில் நின்று சட்டையை உதறினார், வழக்கம் போல.
காலரிலிருந்து ஒரு சருகு கழன்றது.
நேரே விழவில்லை.
இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து,
நடுவில் கொஞ்சம் யோசித்து,
தரைக்கு வந்தது.

நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஏழு வருஷமாக அதைத்
திட்டித் திட்டிப் பெருக்குகிறவள் நான்.

ஞாயிறு மத்தியானம் ஒரு சாக்கு வந்தது.
கொட்டினால் கூடம் நிறைந்தது.
பெல்லாரியில் செம்பு நிறம்,
சாம்பார் வெங்காயத்தில் ரோஜா,
அடிமூட்டைச் சருகில் காப்பிப் பொடி,
பூண்டுத் தோல் மட்டும் வெள்ளை;
அது பனி என்றான் ஜோயல், விட்டுவிட்டோம்.
கிளைக்குத் துடைப்பக் குச்சி.
பசைக்கு மைதா இரண்டு கரண்டி.
வானத்துக்கு டீத்தூள் டிகாஷன்,
மேகத்துக்கு அதையே இன்னொரு தரம்.
சார்ட் பத்து ரூபாய்.
வெட்டப் போனால் சருகு நொறுங்கியது,
வெட்டாமலே ஒட்டினோம்.
தேவசகாயம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
ஒரு கிளைக்கு இத்தனை என்று எண்ணி எண்ணிக் கொடுத்தார்.
மண்டிப் புத்தி.

பாதி மரம் முடிந்தபோது
ஜோயலுக்கு ஒரு தும்மல்.
ஒட்டாததெல்லாம் எழும்பி
என் தலைமேல் இறங்கியது.
"இதுதாம்மா! இதுதான்!" என்று எஸ்தர் குதித்தாள்.

திட்டத்தான் வாயெடுத்தேன்.
தேவசகாயம் எழுந்து போய்
மின்விசிறியை ஐந்தில் வைத்தார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள்,
மூன்றாவது மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அறையில்,
ஈரச் சீருடைகளுக்கு நடுவே
செம்பும் ரோஜாவுமாகச் சுற்றிச் சுற்றி விழுந்தது.
பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.
ஒரு ஐந்து நிமிஷம் இருக்கும்.
கரண்ட் போய்விட்டது.

திங்கள் மழை விடுமுறை. செவ்வாயும்.
புதனுக்குள் மைதா வாசம் பிடித்த கரப்பான்
இரண்டு கிளையைத் தின்று தீர்த்தது.
உதிர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள் என்று
மிச்சத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து அனுப்பினேன்.
பருப்பு டப்பாவில், இஸ்திரிப் பெட்டியடியில்,
என் அடையாள அட்டைக்குள்கூட
இன்னும் ஒவ்வொன்றாக அகப்படுகிறது.

மிஸ் ஒரு ஸ்டார் ஒட்டியிருந்தார்.
கீழே சிவப்பு மையில்,
'நன்று. ஆனால் ஏதோ வாடை வருகிறது.'

வரும் மிஸ்.
எங்கள் தலையணையிலும் வருகிறது.