மூன்று தினார்

ஈசா டவுன் பழைய சாமான் சந்தையில் வாங்கியது.
மூடியைக் கழற்றினால்
பெல்ட் தாராய் உருகி விரலில் ஒட்டுகிறது.
உள்ளே சிக்கிய வட்டு,
தோசைக்கல் அகலம்.

அருமைநாயகம் தையல்கடையில் தந்த
பாபின் ரப்பர் பொருந்திவிட்டது.
முதுகில் ஓட்டை போட்டு
கம்ப்யூட்டர் விசிறி ஒன்று.
லென்ஸுக்கு அத்தர்க் கடைப் பஞ்சு;
இனி இது மணக்கவும் செய்யும்.

மேல் கட்டிலில் செய்யது பாவா.
இரவு டியூட்டி முடித்த உறக்கம்.
ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டுச்
சுவிட்சைப் போட்டேன்.

படம் வந்தது.
மழையில் யாரோ ஒருத்தி நடக்கிறாள்.
என்ன மொழியோ,
கீழே வெள்ளை எழுத்துகள்
ஒவ்வொன்றாய் மஞ்சளாகின்றன.

மேலிருந்து ஒரு கால் இறங்கி
என் தோளில் தாளம் போட்டது,
மஞ்சளின் வேகத்துக்கு.

ஒயரை மாட்டவா பாய்?

பொறு,
சரணம் முடியட்டும்.