படித்துவிட்டு மறந்துபோ

கிளாக்ஸ்விக்கில் இறுதிச்சடங்கு நிலையம் ஒன்றுதான்.
அதற்குப் புது இணையதளம் கட்டுவது நான்.
பின்னணி கறுப்பா சாம்பலா என்று
உரிமையாளர் மூன்று வாரம் யோசித்தார்.
சும்மா இருப்பானேன் என்று
'சோதனை' எனப் பெயரிட்டு ஒரு சப்டொமைன் திறந்து
இரங்கல் பக்கத்தின் கட்டங்களை நிரப்பிப் பார்த்தேன்.

பெயர்க் கட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே.
விரல் போன போக்கில் விழுந்தது: ஹாக்குன்.
என் அண்ணன்.
படகு எஞ்சினுக்கு வாங்கிய நாற்பதாயிரம் குரோனரால்
இரண்டு வருஷமாய்ப் பேச்சில்லை.
"கடலை நேசித்தவர்.
எவருக்கும் கடன் வைக்காதவர்."
கொஞ்சம் குத்தலாகத்தான் எழுதினேன்.
யார் பார்க்கப்போகிறார்கள்?

தேடுபொறி பார்த்தது.

செவ்வாய்க்கிழமை ரொட்டிக்கடையில் மார்யுன்
மீதிச் சில்லறையோடு என் கையையும் பிடித்துக்கொண்டாள்.
மதியம் தேவாலயத்திலிருந்து குறுஞ்செய்தி:
எந்தப் பாட்டு வைக்கலாம்?
ஹாக்குன் அப்போது பாரன்ட்ஸ் கடலில்
வலையோடு,
சிக்னல் இல்லாமல்,
உயிரோடு.

உலைமூடியால் மூடுகிற வாயா அது?
நானும் மூடிப்பார்த்தேன்.
ரோபாட்ஸ் கோப்பில் ஒரே வரி:
எந்தப் பக்கத்துக்கும் அனுமதியில்லை.
இரண்டு நாள் கழித்துத் தேடினால்
கடலும் கடனும் போயிருந்தன.
தலைப்பு மட்டும் அசையாமல் நின்றது:
ஹாக்குன், நினைவஞ்சலி.
அதன் கீழே,
"இப்பக்கம் பற்றிய தகவல் எதுவும் கிடைக்கவில்லை."
முன்பைவிட மோசமாய்ச் செத்திருந்தான்.

அன்றிரவு இரண்டு மணிக்குத்தான் உறைத்தது.
உள்ளே வராதே என்றால் வராது, மரியாதை தெரிந்த ஜந்து.
ஆனால் தெருவில் நின்றபடி
காதில் விழுந்ததைச் சொல்லிக்கொண்டேயிருக்கும்.
மறந்துபோ என்று எழுதிய சீட்டோ
வீட்டுக்குள் ஒட்டியிருக்கிறது.
அதைப் படிக்கவாவது உள்ளே விட வேண்டும்.

பூட்டை எடுத்தேன்.
ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நோஇண்டெக்ஸ் எழுதினேன்.
வா,
நாற்காலி போட்டிருக்கிறேன்,
படி,
மறந்துபோ.

வரவில்லை.
வேண்டாதபோது ஒரே ராத்திரியில் மோப்பம் பிடித்தது
கூப்பிட்டால் பிகு பண்ணுகிறது.
சர்வர் லாகைத் திறந்து திறந்து பார்த்தேன்.
யாரோ ஒரு சீனத்து போட், இரண்டு முறை நானே,
பிறகு வார்டோவிலிருந்து ஒரு கைப்பேசி.

அடுத்த நிமிடம் மணியடித்தது.
"நான் எப்போ செத்தேன்?"
பின்னால் துறைமுகத்துக் கிரேன் முனகியது.
"போன மாசம் பதினேழு."
"யாருக்கும் கடன் வைக்காதவர்னு போட்டிருக்கே."
"ஆமா."
"தப்பு. நாற்பதாயிரம் நிக்குது."
"தெரியும்."
"அப்ப திருத்து."
சிரித்தானா இருமினானா, காற்றில் பிடிபடவில்லை.

அழிக்கப்போகிற பக்கத்தில்
அரைமணி நேரம் உட்கார்ந்து ஒரு வரியைத் திருத்தினேன்.
"தங்கைக்கு நாற்பதாயிரம் தர வேண்டியவர்."
'வேண்டியிருந்தவர்' என்று போட்டுப் பார்த்து
பழையபடி மாற்றினேன்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை, மூன்று பன்னிரண்டு.
லாகில் அதன் காலடி.
வந்திருக்கிறது. எல்லாவற்றையும் படித்திருக்கிறது,
திருத்திய வரி உட்பட.
சீட்டில் சொன்னபடியே போய்விட்டது.
இப்போது ஹாக்குன் என்று தேடினால்
பழைய படகுப்போட்டி முடிவு ஒன்றுதான்:
ஐந்தாம் இடம்.

அதன் பிறகே வாசலுக்குப் பாஸ்வேர்ட் போட்டேன்.
முதல் நாளே போட்டிருக்கலாமே என்றார் உரிமையாளர்.
சாம்பல்தான் என்று அன்றைக்குத்தான் முடிவும் செய்தார்.

ஹாக்குன் கரையேறி
மார்யுன் கடையில் உட்கார்ந்து இரண்டு காப்பி குடித்துவிட்டுப் போனான்.
ஆனாலும்
எனக்கு ரொட்டியை நீட்டும்போது மட்டும்
அவள் இன்னும் குரலைத் தாழ்த்துகிறாள்.